டெண்டர் திறப்பதற்கு முன்பே: செட்டிநாட்டு ஊர்களில் அரசு ஒப்பந்தம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆனது. மாநகராட்சி என்றால் வேலைகளும் பெரிதாகும், தொகையும் பெரிதாகும். இந்தப் பக்கம் சாலை, வடிகால், குடிநீர்க் குழாய், ஊரணி என்று எந்த வேலை தொடங்கினாலும் "யாருக்குப்பா காண்ட்ராக்ட்?" என்று கேட்கிறவர்கள் நிறைய; "அவருக்கு எப்படிக் கிடைத்தது?" என்று கேட்கிறவர்கள் குறைவு. இரண்டாவது கேள்வியைக் கேட்கிறவர்களுக்காக இது. என் நிலைப்பாட்டை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கமிஷன் எத்தனை சதவீதம் என்று வம்பளப்பதைவிட, அந்த வேலைக்கு எத்தனை பேர் உண்மையாகப் போட்டி போட்டார்கள் என்று பார்ப்பதுதான் பயன் தரும். போட்டி இல்லாத இடத்தில் மற்றதெல்லாம் தானாக வந்து சேரும்.

எங்கள் தெருவில் பேவர் பிளாக் போடுகிறார்கள். யார் கொடுத்த வேலை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தெரு யாருடையது என்று முதலில் பாருங்கள். காரைக்குடிக்குள் என்றால் மாநகராட்சி. தேவகோட்டை நகராட்சி. கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் எல்லாம் பேரூராட்சிகள். அதற்கு வெளியே ஊராட்சியும் ஊராட்சி ஒன்றியமும். பேருந்து ஓடும் பெரிய சாலை பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையுடையது. செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் கிடப்பதால், எல்லையோரத்து ஊர்க்காரர்கள் மனுவைத் தவறான கலெக்டர் ஆபீசில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதும் உண்டு.

அலுவலகம் தெரிந்துவிட்டால் தமிழ்நாடு அரசின் மின் கொள்முதல் இணையதளத்தில் அந்தத் துறையின் பெயரில் தேடலாம். நடப்பு டெண்டர் மட்டுமல்ல, முடிந்துபோன டெண்டரின் விவரமும் இருக்கும்: மதிப்பீட்டுத் தொகை, கடைசித் தேதி, எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், யார் எல்1, அதாவது யார் குறைந்த விலை கேட்டவர். வேலை நடக்கும் இடத்தில் தகவல் பலகை இருந்தால் அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் முதலில் காணாமல் போவது அந்தப் பலகைதான்.

இதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம், 1998. அதன் விதிகள் 2000-இல் வந்தன. இந்தியாவிலேயே முன்னதாக வந்த சட்டங்களில் ஒன்று. ஆனால் இப்படி ஒன்று இருப்பது கவுன்சிலர்களிலேயே பலருக்குத் தெரியாது.

அதில் குடிமகன் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியவை சில. டெண்டர் அறிவிப்பை முறைப்படி வெளியிட வேண்டும். டெண்டர் போட, 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேற்பட்ட வேலைக்கு 30 நாள் அவகாசம் தர வேண்டும். இதைக் குறைப்பதாக இருந்தால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். அறிவிப்பில் சொன்ன நிபந்தனைகளைக் கொண்டுதான் மதிப்பிட வேண்டும். பெட்டியைத் திறந்த பிறகு புது நிபந்தனை கொண்டுவர முடியாது. பேரம் பேசுவதானால் எல்1 ஆக வந்தவரிடம் மட்டும், விலையைக் குறைக்க மட்டும். கடைசியாக, யாருக்குக் கொடுத்தார்கள், மற்றவர்களை ஏன் தள்ளினார்கள் என்ற விவரத்தை டெண்டர் செய்தி மடலுக்கு அனுப்ப வேண்டும்.

அந்த அவகாச விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெள்ளிக்கிழமை மாலை அறிவிப்பு, நடுவில் பொங்கல் விடுமுறை, அடுத்த வாரம் கடைசி நாள் என்றால், முன்கூட்டியே தகவல் தெரிந்தவர் மட்டும்தான் வங்கி உத்தரவாதமும் முன்வைப்புத் தொகையும் தயார் செய்து கலந்துகொள்ள முடியும்.

குறைந்த விலை கேட்டவருக்குத்தானே வேலை போகிறது? அப்புறம் இதில் முறைகேடு எங்கே வருகிறது?

விலையில் வருவதில்லை. யார் விலை கேட்கலாம் என்ற இடத்தில் வருகிறது.

டெண்டர் ஆவணத்தில் தகுதி நிபந்தனை என்று ஒரு பகுதி இருக்கும். ஆண்டு வரவு செலவு இவ்வளவு இருக்க வேண்டும், இதே போன்ற வேலையை இத்தனை ஆண்டுகளுக்குள் செய்து முடித்திருக்க வேண்டும், சொந்தமாகத் தார்க் கலவை இயந்திரம் இத்தனை கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றெல்லாம் போட்டிருப்பார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நியாயமாகவே தெரியும். அனுபவம் இல்லாதவரிடம் பாலம் கட்டக் கொடுக்க முடியுமா? முடியாதுதான். ஆனால் மூன்று நிபந்தனைகளையும் ஒன்றாக வைத்து, சுற்றுவட்டாரத்தில் இதற்கெல்லாம் பொருந்துகிறவர் யார் என்று பார்த்தால் சில நேரம் ஒரே ஒரு பெயர்தான் மிஞ்சும்.

இதில் சாமர்த்தியமான நிபந்தனை ஒன்று உண்டு. டெண்டர் போடுவதற்கு முன் வேலை இடத்தை நேரில் பார்த்து, பார்த்ததற்குப் பொறியாளரிடம் சான்று வாங்கி இணைக்க வேண்டும் என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் யார் டெண்டர் போடப் போகிறார்கள் என்ற பட்டியல் கடைசி நாளுக்கு முன்பே ஒரு அலுவலகத்தில் தயாராகிவிடுகிறது. சான்று வாங்கப் போனால் "ஜே.இ. சைட்டுக்குப் போயிருக்கார், நாளைக்கு வாங்க" என்று இழுத்தடிக்கவும் முடியும். சான்று வாங்கியவருக்கு அன்று ராத்திரியே ஒரு போன் வரவும் வாய்ப்பிருக்கிறது. ஆன்லைன் டெண்டர் கொண்டு வந்ததன் நோக்கமே போட்டியாளர்கள் ஒருவரை ஒருவர் அறியாமல் இருக்க வேண்டும் என்பதுதான். இந்த ஒரு வரி அதைக் கெடுத்துவிடுகிறது.

வேலைகளைச் சேர்ப்பதும் பிரிப்பதும் இன்னொரு வழி. பத்துத் தெரு வேலைகளைத் தனித்தனியே விட்டால் உள்ளூர்ச் சின்ன காண்ட்ராக்டர்கள் வருவார்கள். ஒரே தொகுப்பாகக் கட்டினால் வெளியூர்ப் பெரிய கம்பெனிதான் தகுதி பெறும். அவர் எடுத்து, அதே உள்ளூர்க்காரரிடம் சப் காண்ட்ராக்ட் விடுவார். நடுவில் ஒரு தொகை எந்த வேலையும் செய்யாமல் போய்விடும். எதிர்ப்பக்கமாக, ஒரே சாலையை மூன்று துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் மேலிடத்து ஒப்புதல் தேவைப்படாத தொகைக்குள் கொண்டு வருவதும் நடக்கும். தணிக்கைக்காரர்கள் சலிக்காமல் எழுதும் ஆட்சேபணைகளில் இது ஒன்று.

அறிவித்த தகுதி அரசையே கட்டுப்படுத்தும் என்பதை உச்ச நீதிமன்றம் 1979-லேயே ரமணா தயாராம் ஷெட்டி வழக்கில் சொல்லிவிட்டது. பம்பாய் விமான நிலையத்தில் சிற்றுண்டிச்சாலை நடத்தும் உரிமைக்கு 5 ஆண்டு ஓட்டல் அனுபவம் வேண்டும் என்று அறிவித்துவிட்டு, அது இல்லாதவருக்குக் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்தது தவறு என்றது நீதிமன்றம். ஆனாலும் ஒப்பந்தத்தை ரத்து செய்யவில்லை. வழக்குப் போட்டவர் தாமதமாக வந்தார், அதற்குள் எடுத்தவர் பணம் போட்டு வேலையைத் தொடங்கிவிட்டார். காலதாமதம் எவ்வளவு பெரிய எதிரி என்பதற்கு இந்தத் தீர்ப்பே போதும்.

சிண்டிகேட் என்கிறார்களே, அது எப்படி நடக்கிறது?

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சாலையோரப் புளியமர மகசூல் ஏலத்தைப் பார்த்திருப்பீர்கள். ஏலத்துக்கு முன்னால் நாலு பேர் மரத்தடியில் தனியாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். உள்ளே வந்ததும் ஒருவர் கேட்பார், மற்றவர்கள் ஒப்புக்கு நூறு இருநூறு ஏற்றிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். டெண்டரிலும் அதுதான், திசை மட்டும் தலைகீழ்: ஒருவர் விலையைச் சொல்வார், மற்றவர்கள் வேண்டுமென்றே அதைவிடக் கூடுதலாகப் போடுவார்கள். அடுத்த வேலை அடுத்தவருக்கு.

இதற்கு அடையாளங்கள் உண்டு. தோற்றவர்களின் விலை எல்லா வரியிலும் ஒரே சதவீதம் கூடுதலாக இருக்கும். இரண்டு பேரின் கடிதத்திலும் ஒரே எழுத்துப்பிழை இருக்கும். வங்கி வரைவோலை எண்கள் அடுத்தடுத்து வரும். ஆன்லைனில் என்றால் ஒரே இணைய இணைப்பிலிருந்து இரண்டு டெண்டர் ஏறியிருக்கும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கிழக்கு வார்டு எப்போதும் ஒருவருக்கு, மேற்கு வார்டு எப்போதும் இன்னொருவருக்கு.

இது ஊர்க் கட்டுப்பாடு சம்பந்தப்பட்ட விவகாரம் இல்லை; போட்டிச் சட்டம், 2002-இன் கீழ் குற்றச்சாட்டு. இந்திய உணவுக் கழகம் 2009-இல் தானியத்தைப் பூச்சியிலிருந்து காக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைக்கு டெண்டர் விட்டபோது, மூன்று கம்பெனிகள் ஒரே விலையை, கிலோ 388 ரூபாய் என்று கேட்டன. செலவு வேறு, ஆலை இருக்கும் இடம் வேறு, விலை மட்டும் எப்படி ஒன்று? உணவுக் கழகமே புகார் கொடுத்தது. போட்டி ஆணையம் அபராதம் போட்டது. கூட்டுச் சதி என்ற முடிவை உச்ச நீதிமன்றமும் 2017-இல் உறுதி செய்தது. அபராதத்தை மட்டும், அந்தப் பொருளின் விற்பனையை வைத்துத்தான் கணக்கிட வேண்டும் என்று வரம்பு கட்டியது. கூட்டில் இருந்த ஒருவரே முதலில் வந்து உண்மையைச் சொன்னால் அவருடைய அபராதம் குறையவும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு.

ஒரே ஒருவர்தான் டெண்டர் போட்டார். செல்லுமா?

அதனாலேயே செல்லாது என்று சொல்ல முடியாது. மறு டெண்டர் விட்டார்களா, விடாவிட்டால் ஏன் என்று கேளுங்கள். ஒரே அலுவலகத்தில் ஒவ்வொரு முறையும் ஒருவர் மட்டுமே வருகிறார் என்றால் மேலே சொன்ன நிபந்தனைப் பகுதியை எடுத்துப் படியுங்கள்.

கவுன்சிலரின் மச்சான் பெயரில் வேலை எடுக்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது?

உள்ளாட்சி உறுப்பினருக்கு அந்த உள்ளாட்சியின் ஒப்பந்தத்தில் பங்கு இருந்தால் பதவிக்கே ஆபத்து. ஊராட்சிச் சட்டம், நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் இரண்டும் அப்படித்தான் சொல்கின்றன. எம்.எல்.ஏ., எம்.பி.க்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவு இருக்கிறது: தன் அரசுடனேயே நடப்பு ஒப்பந்தம் வைத்திருப்பவர் தகுதி இழப்பார்.

மச்சான், மாமனார், தம்பி மகன் என்று வரும்போதுதான் சிக்கல். ஒப்பந்தத்தில் உறுப்பினரின் பெயர் இருக்காது. பணம் அவருடையது என்று காட்ட வேண்டும். அது வெளியில் இருப்பவரால் எளிதில் முடியாது. ஆனால் இரண்டு ஆவணங்கள் உதவும். ஒன்று, வேட்பு மனுவோடு அவர் கொடுத்த சொத்து உறுதிமொழிப் பத்திரம். இன்னொன்று, அந்த நிறுவனத்தின் பதிவு விவரம்: பங்குதாரர் யார், முகவரி எது. உறுப்பினர் வீட்டுக் கதவெண்ணே நிறுவனத்தின் முகவரியாக இருந்தால் பேசுவதற்கு விஷயம் இருக்கிறது.

"நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை, எல்லாம் அதிகாரிகள் முடிவு" என்கிறார் தலைவர். விட்டுவிட வேண்டியதுதானா?

விட வேண்டாம். மன்றக் கூட்டப் பொருளைப் படித்துப் பாருங்கள். எந்த வேலையை எடுப்பது, எவ்வளவுக்கு, வந்த டெண்டரை ஏற்பதா என்பதெல்லாம் மன்றத்தின் முன் தீர்மானமாக வரும். முப்பது பொருளைப் பத்து நிமிடத்தில் "ஆல் பாஸ்" என்று முடித்துவிட்டு, பிரச்சினை வந்ததும் அதிகாரியைக் கை காட்டுவது நியாயமில்லை. எதிர்ப்பைப் பதிவு செய்யாத கவுன்சிலரும் அந்தத் தீர்மானத்துக்குச் சொந்தக்காரர்தான். எதிர்க்கட்சிக் கவுன்சிலருக்கும் இது பொருந்தும். இரண்டு தரப்பும் சேர்ந்து சாப்பிடும் ஊர்களில் வெளிநடப்புகூடத் தேநீர் இடைவேளை மாதிரிதான்.

மேல் மட்டத்திலும் இதே வாதம் வந்திருக்கிறது. 2ஜி அலைக்கற்றை விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரி 2 அன்று 122 உரிமங்களை ரத்து செய்தது. முதலில் வந்தவருக்கு முதலில் என்ற முறையில் கொடுத்தது தன்னிச்சையானது என்றது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்ற வழக்கில் எல்லோரையும் விடுவித்தது. நம் ஊர்ப் பேச்சில் ஒரு கட்சிக்காரர் முதல் தீர்ப்பை மட்டும் சொல்வார், இன்னொரு கட்சிக்காரர் இரண்டாவதை மட்டும் சொல்வார். இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான பதில். லஞ்சம் வாங்கினார் என்று நிரூபிக்க முடியாமல் போகலாம். கொடுத்த முறை தவறு என்பது அதனால் மாறிவிடாது. பதில் சொல்லும் பொறுப்பு சிறைக்குப் போகிறவருக்கு மட்டும் உரியது என்று நினைப்பதால்தான் மற்ற எல்லோரும் தப்பிக்கிறார்கள். நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீட்டிலும் 2014-இல் 204 ஒதுக்கீடுகள் ரத்தாயின; போட்டியே இல்லாமல் கொடுத்தவை அவை.

கட்சிகளுக்குக் காண்ட்ராக்டர்கள் தரும் நன்கொடையும் இங்கே வந்து சேரும். தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்தபோது, நன்கொடைக்குக் கைம்மாறாகச் சலுகை கிடைக்கும் வாய்ப்பைச் சுட்டிக்காட்டியது. யார் கொடுத்தார் என்று வாக்காளருக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஊரணி தூர்வாரியதாகப் பில் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் நிரம்பிவிட்டது. இனி எதை அளப்பது?

இந்தப் பக்கத்துக்கே உரிய கேள்வி. சாலையென்றால் தோண்டிப் பார்க்கலாம். ஊரணியில் ஐப்பசி மழை பெய்துவிட்டால் சாட்சி தண்ணீருக்குள் போய்விடும்.

தோண்டுவதற்கு முன் தரை மட்டம் எடுத்து எழுதியிருக்க வேண்டும். தோண்டும்போது ஆங்காங்கே மண் திட்டுகளை வெட்டாமல் விட்டு வைப்பது வழக்கம். அந்தத் திட்டின் உயரம்தான் எத்தனை அடி தோண்டினார்கள் என்பதற்குச் சாட்சி. அளந்து, அளவுப் புத்தகத்தில், அதாவது எம் புக்கில், ஏற்றிய பிறகே திட்டை எடுக்க வேண்டும். ஆகவே கேட்க வேண்டியது ஊரணி ஆழமாக இருக்கிறதா என்று இல்லை. தொடக்க மட்டம் எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது, முடிவு மட்டம் எந்தத் தேதி, எடுத்த மண் எத்தனை கன மீட்டர், அது எங்கே கொட்டப்பட்டது? மண்ணுக்கும் விலை உண்டு. கரையில் இல்லாத மண் யாருடைய மனையை மேடாக்கியது என்பது தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். இரண்டு மட்டமும் ஒரே நாளில் எழுதப்பட்டிருந்தால் விஷயம் முடிந்தது.

எம் புக் ஒரு சாதாரண நோட்டுதான். ஆனால் பில் பாஸாவது அதை வைத்துத்தான். காண்ட்ராக்டர், பொறியாளர், அரசியல்வாதி மூன்று பேருக்கும் முக்கியமான ஆவணம் எது என்று கேட்டால், நான் டெண்டர் ஆவணத்தைச் சொல்லமாட்டேன், எம் புக்கைச் சொல்வேன்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எதைக் கேட்கலாம்?

2005-ஆம் ஆண்டுச் சட்டம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும்; 30 நாளில் பதில் தர வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கக்கூடாது. "முறைகேடு நடந்ததா, ஏன் இவருக்குக் கொடுத்தீர்கள்" என்று கேட்டால் "இது தகவல் அல்ல" என்று ஒரு வரியில் திருப்பிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: மதிப்பீடு, டெண்டர் அறிவிப்பு, ஒப்பீட்டுப் பட்டியல், மன்றத் தீர்மானம், பணி ஆணை, எம் புக் நகல், தரப் பரிசோதனை அறிக்கை.

பலர் பயன்படுத்தாத இன்னொன்று அதே சட்டத்தின் 2(ஜே) பிரிவில் இருக்கிறது. வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் உரிமை உண்டு. பேவர் பிளாக் மதிப்பீட்டில் 80 மில்லிமீட்டர் கனம் என்றிருந்து, தெருவில் 60 மில்லிமீட்டர் கல் கிடந்தால், ஒரு கல்லும் ஒரு அளவுகோலும் போதும். வாகனம் அதிகம் போகும் தெருவில் இந்த வித்தியாசம் இரண்டாவது மழைக்குள் தெரிந்துவிடும்.

வணிக ரகசியம் என்று சொல்லி மறுக்கலாம். டெண்டர் முடிவான பிறகு அந்தக் காரணம் பலவீனமானது. 30 நாளில் முதல் மேல்முறையீடு, அதற்கும் பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநில தகவல் ஆணையம்.

கிராம சபையில் பேசி ஏதாவது நடக்குமா?

பேச்சால் நடக்காது, தீர்மானத்தால் நடக்கும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டம். வரவு செலவைப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் கேள்வி தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சிவகங்கை மாவட்ட ஊராட்சிகளில் 2025 ஜனவரியில் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தேர்ந்தெடுத்தவர் இல்லாத காலத்தில் கிராம சபையை விட்டால் கேட்க வேறு இடம் குறைவு. நகரத்தில் இதற்கு ஈடாகப் பகுதி சபை இருக்கிறது. கூட்டம் நடந்ததாக எழுதப்பட்டிருக்கும், போய்ப் பாருங்கள்.

நான் சின்ன காண்ட்ராக்டர். என் டெண்டரைக் காரணமில்லாமல் தள்ளிவிட்டார்கள்.

முதல் வேலை, தள்ளியதற்கான உத்தரவை எழுத்தில் வாங்குங்கள். அது கைக்கு வந்த நாளிலிருந்து 10 நாளுக்குள் 1998 சட்டத்தின் 11-ஆம் பிரிவில் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். பத்து நாள் என்பது கண்ணிமைக்கும் நேரம், "எம்.எல்.ஏ.வைப் பார்த்துப் பேசிக்கலாம்" என்று நாலு நாள் அலைந்தால் பாதி போய்விடும். அடுத்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. அங்கே உங்கள் விலை நல்ல விலையா என்று பார்க்கமாட்டார்கள். 1994-இல் டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த எல்லை அது: முடிவை விட்டுவிட்டு, முடிவெடுத்த விதத்தைத்தான் நீதிமன்றம் ஆராயும். ஆகவே நாள் குறைத்தார்கள், அறிவிக்காத காரணத்தைச் சொன்னார்கள், இன்னொருவருக்கு அதே குறையை மன்னித்தார்கள் என்று காட்டுங்கள்.

பில் பாஸாக லஞ்சம் கேட்டால் ஒன்றை நினைவில் வையுங்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தால் கொடுக்க நேர்ந்தால் 7 நாளுக்குள் புகார் செய்ய வேண்டும். கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போனால் பாதுகாப்பு அதிகம்.

அவசர வேலைக்கு டெண்டர் வேண்டாம் என்கிறார்களே?

வெள்ளம், கண்மாய்க் கரை உடைப்பு என்றால் சட்டமே விலக்கு தருகிறது. முதலமைச்சர் வருகிறார் என்று சாலை போடுவது அதில் சேராது.

நான் சென்னையில் இருக்கிறேன், தம்பி சிங்கப்பூரில். ஊரில் பூட்டிய வீடும் சொத்து வரியும்தான் மிச்சம். எங்களால் என்ன செய்ய முடியும்?

நிறைய. ஊரில் இருப்பவருக்குத் தினமும் அந்தக் கவுன்சிலர் முகத்தில் விழிக்க வேண்டும், மகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க வேண்டும், குழாய் இணைப்பு வேண்டும். அதனால் கேட்கத் தயங்குவார். முறைகேட்டை வெளிப்படுத்துகிறவரைக் காக்க 2014-இல் நிறைவேறிய சட்டம் இன்னும் நடைமுறைக்கு வராத நிலையில் அந்தத் தயக்கத்தைக் குறை சொல்லவும் முடியாது. உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. டெண்டர் விவரம் இணையத்தில் இருக்கிறது, தகவல் மனுவையும் தமிழ்நாடு அரசின் இணையதளம் வழியாகவே போடலாம். இந்தியக் குடியுரிமை இருந்தால் சிங்கப்பூரிலிருந்தும் போடலாம். குடியுரிமையை மாற்றிக்கொண்டிருந்தால் முடியாது, மனு உங்கள் பெயரில் போகட்டும். எம் புக் நகல் வந்ததும் ஊரில் இருக்கும் பங்காளியிடம் ஒரு டேப்பைக் கொடுத்து தெருவின் நீள அகலத்தை மட்டும் அளந்து சொல்லச் சொல்லுங்கள். அவர் மனுவில் கையெழுத்துப் போட வேண்டிய அவசியமே இல்லை.